நகர எல்லையில் ஓடும் பெருஞ்சாலை: பாரிஸைப் புறநகரிலிருந்து பிரிப்பது சாலையா, எல்லைக்கோடா?

நகரியல் மாணவி (வினா)

அனைவருக்கும் வணக்கம். நகரத் திட்டமிடல் முதுகலைப் படிப்பின் ஆய்வேட்டுக்காக, ஒரு நகரத்தின் ஆட்சி எல்லையை ஒட்டியே ஓடும் பெருஞ்சாலைகளைப் பற்றிப் படித்து வருகிறேன். முதன்மை எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொண்டிருப்பது, பாரிஸைச் சுற்றி 35 கி.மீ. நீளத்துக்கு ஓடும் பூல்வார் பெரிஃபெரிக் என்னும் வட்டச்சாலை. நாளொன்றுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்களைத் தாங்கும் அந்தச் சாலையின் உட்புறத்தில் ஏறத்தாழ 21 லட்சம் மக்கள் வாழும் பாரிஸ் மாநகராட்சி இருக்கிறது. வெளிப்புறத்தில் தனித்தனி மேயரும் தனித்தனி மன்றமும் கொண்ட புறநகர் ஊர்கள் வரிசையாக நிற்கின்றன.

என்னைக் குழப்புபவை இரண்டு செய்திகள். உலகின் பல நகரங்களில் வட்டச்சாலை என்பது ஊரைவிட்டு வெகு தொலைவில், வயல்வெளிகளுக்கு நடுவே போடப்படுகிறது. நகரம் பின்னர் அதை எட்டிப் பிடிக்கிறது. பாரிஸில் மட்டும் அது ஏன் நகராட்சி எல்லையோடு இவ்வளவு துல்லியமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது முதலாவது. அந்தச் சாலையில் செல்வோரில் பெரும்பாலானவர்களின் பயணம் புறநகரில் தொடங்குகிறது அல்லது புறநகரில் முடிகிறது. அப்படியிருக்க, 2024 அக்டோபரில் அதன் வேக வரம்பை மணிக்கு 70 கி.மீ. இலிருந்து 50 கி.மீ. ஆகக் குறைக்கும் முடிவைப் பாரிஸ் மாநகராட்சி தனியே எடுக்க முடிந்தது எப்படி என்பது இரண்டாவது.

இவை இரண்டுக்கும் பின்னால் ஒரு பெரிய கேள்வி நிற்பதாக நினைக்கிறேன். நகரையும் புறநகரையும் பிரிப்பது அந்தக் கான்கிரீட் சாலைதானா? அதை மூடிப் பூங்காவாக்கிவிட்டால் இரு பக்கமும் ஒன்றாகிவிடுமா? அங்கு வாழ்ந்தவர்களும், துறை அறிந்தவர்களும், இதுபோன்ற வேறு எல்லைச் சாலைகளை அறிந்தவர்களும் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.


பழைய வரைபடம்

சகோதரிக்கு வணக்கம். முதல் கேள்விக்கான விடை ஒரு மதிலில் இருக்கிறது.

1841இல் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் பாரிஸைச் சுற்றி ஒரு பெருங்கோட்டை மதில் கட்டப்பட்டது. அதை முன்னின்று தொடங்கிய அரசியல் தலைவர் அடோல்ஃப் தியேரின் பெயரால் அது தியேர் மதில் எனப்படுகிறது. 94 கொத்தளங்களும், மதிலுக்கு வெளியே அகழியும், அகழிக்கு அப்பால் 250 மீட்டர் அகலத்துக்கு நிலையான கட்டடம் எதையும் எழுப்பக் கூடாதென்று ஒதுக்கப்பட்ட வெற்று நிலமுமாக, அது முழு நகரத்தையும் வளைத்து நின்றது. பீரங்கி சுடுவதற்குப் பார்வை மறைக்கக் கூடாது என்பதற்காக ஒதுக்கிய அந்த வெற்று நிலந்தான் உங்கள் சாலையின் விதை.

அந்த மதில் கட்டப்பட்டபோது நகர எல்லை அங்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லை அதற்கு உட்புறத்தில், 1780களில் சுங்கம் வசூலிப்பதற்காகவே எழுப்பப்பட்ட வேறொரு மதிலில் இருந்தது. இரண்டு மதில்களுக்கும் இடையே மோன்மார்த்ர், பெல்வில், லா வில்லெத் போன்ற ஊர்கள் தனித்தனிக் கிராமங்களாக இருந்தன. 1860இல் அவை யாவும் பாரிஸோடு இணைக்கப்பட்டன. 12 வட்டங்களாக இருந்த நகரம் 20 வட்டங்களாயிற்று. எல்லை தியேர் மதிலுக்கு நகர்ந்தது. உட்புறச் சுங்க மதிலை இடித்துவிட்டு அந்த இடத்தில் மரங்கள் வரிசையாக நிற்கும் அகன்ற சாலைகளை அமைத்தார்கள். இன்று அவற்றின் மேலும் கீழுமாக மெட்ரோவின் 2ஆம் தடமும் 6ஆம் தடமும் ஓடுகின்றன. பெல்வில் அருகே அந்தச் சாலையைக் கடப்பவர் எவரும் தாம் ஒரு பழைய எல்லையைக் கடப்பதாக உணர்வதில்லை. என் பார்வையில் இந்த ஒப்பீடுதான் உங்கள் ஆய்வேட்டின் மையமாக இருக்க வேண்டும். ஆகவே இதற்கு மீண்டும் வருகிறேன்.

பிரஷ்யப் படைகள் பாரிஸை வளைத்துக்கொண்ட 1870–71 முற்றுகையின்போது, தொலைவிலிருந்து சுடும் பீரங்கிகளுக்கு முன் இத்தகைய மதிலால் ஒரு நகரத்தை முழுதாகக் காக்க முடியாது என்பது தெளிவாயிற்று. எனினும் மதிலை நீக்கும் சட்டம் 1919இல்தான் வந்தது. இடிப்பு வேலை பத்தாண்டுகள் நீடித்தது. மதில் நின்ற உட்பட்டையில் செங்கல் முகப்புகளைக் கொண்ட பொதுக் குடியிருப்புகள் எழுந்தன. வெளிப்பட்டையில், கட்டடத் தடை இருந்தும், குப்பை பொறுக்குவோர், கூலித் தொழிலாளர், நகர வாடகையைத் தாங்க முடியாதோர் எனப் பல்லாயிரம் ஏழை மக்கள் பலகை வீடுகளில் நெடுங்காலம் வாழ்ந்துவந்தார்கள். அந்தப் பட்டையைப் பாரிஸ் மாநகராட்சி தன்னுடன் சேர்த்துக்கொண்டு பசுமை வளையமாக்க விரும்பியது. மக்களை அகற்றும் வேலை பல பத்தாண்டுகள் இழுத்தது. பசுமை வளையம் விளையாட்டுத் திடல்களாகவும் பள்ளிகளாகவும் துண்டு துண்டாக நிறைவேறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மோட்டார் வண்டிகள் பெருகியபோது, நெருக்கமாகக் கட்டப்பட்ட அந்தப் பெருநகரத்தில் வீடுகளைப் பெருமளவில் இடிக்காமல் ஒரு முழு வளையத்தை வரைவதற்குப் பொது நிலம் எங்கே தொடர்ச்சியாகக் கிடைத்தது? அங்கு மட்டுந்தான். 1950களில் வேலை தொடங்கி, 1960இலிருந்து பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டு, 1973 ஏப்ரல் 25 அன்று வளையம் நிறைவுபெற்றது.

இதிலேயே உங்கள் இரண்டாம் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடுகிறது. சாலை பெரும்பாலும் எல்லைக்கோட்டின் மேல் ஓடவில்லை. எல்லைக்குச் சற்று உட்புறமாக, பாரிஸ் சேர்த்துக்கொண்ட அந்தப் பழைய வெற்றுப் பட்டையில் ஓடுகிறது. நிலம் பாரிஸுடையது, சாலையும் பாரிஸ் மாநகராட்சியின் உடைமை.

இப்போது ஒப்பீட்டுக்கு வருகிறேன். வியன்னாவிலும் இரண்டு மதில்கள் இருந்தன. உள்மதிலை இடிக்கும் ஆணையை 1857இல் பேரரசர் பிரான்ஸ் யோசெப் பிறப்பித்தார். அங்கே ரிங்ஸ்ட்ராசே என்னும் புகழ்பெற்ற சாலை அமைந்தது. வெளிமதில் 1890களில் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று ஓடும் கூர்டல் என்னும் சாலை ஆஸ்திரியாவின் மிக நெரிசலான சாலைகளுள் ஒன்று. ஆனால் வெளிமதில் விழுந்த அதே காலத்தில் அதற்கு அப்பாலிருந்த ஊர்களும் வியன்னாவோடு இணைக்கப்பட்டுவிட்டன. ஆகவே கூர்டல் இரைச்சலான சாலைதான் என்றாலும், அதன் இரு பக்கத்தாரும் ஒரே மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஒரே மன்றத்தில் முறையிடுகிறார்கள். நம்மிடத்தும் இதற்குச் சான்று உண்டு. மதுரையில் 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில் இடிக்கப்பட்டு அகழி நிரப்பப்பட்ட இடத்தில்தான் வெளி வீதிகள் அமைந்தன. நகரம் அவற்றைத் தாண்டி வளர்ந்துவிட்டது. இன்று அவை நகரத்தின் உட்புற வீதிகள். பாரிஸின் உள்மதில், வியன்னா, மதுரை ஆகிய மூன்று இடங்களிலும் மதில் சாலையாயிற்று, எல்லை வெளியே நகர்ந்தது, சாலை நாளடைவில் தெருவாக இளகியது. பாரிஸின் வெளிமதில் சாலையாயிற்று, ஆனால் எல்லை நகரவில்லை. ஆகவே சாலையின் மீது பழி போடுவதற்கு முன், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அசையாமல் நிற்கும் அந்த எல்லைக்கோட்டைப் பாருங்கள் என்பதே என் கருத்து.


சாலைப் பொறியாளர்

மேலே எழுதியவரின் வரலாற்று விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். முடிவை அரைகுறையாகத்தான் ஏற்கிறேன். கூர்டலையும் மதுரையின் வெளி வீதியையும் பெரிஃபெரிக்கையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முதல் இரண்டும் தெருக்கள்: நடைபாதை உண்டு, சிக்னல் உண்டு, கடைவாசல் உண்டு, மனிதர் குறுக்கே நடக்கலாம். பெரிஃபெரிக்கில் நடைபாதையும் இல்லை, சிக்னலும் இல்லை, எந்த வீட்டு வாசலும் அதை நோக்கித் திறப்பதில்லை. அதைக் கடக்க வேண்டுமானால் அதன் கீழாகவோ மேலாகவோ போக வேண்டும். அப்படிப் போகும் இடங்களில் பெரும்பாலானவை பழைய மதில் வாயில்களின் பெயரைத் தாங்கிய சந்திப்புகள். ஏறும் வண்டிகளும் இறங்கும் வண்டிகளும் சுழலும் அந்த இடங்கள் நடப்பவரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. எல்லை நாளையே நகர்ந்துவிட்டாலும் இந்தப் பள்ளமும் தூண்களும் அங்கேயேதான் இருக்கும்.

வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியவை சில உண்டு. முதலில், இந்தச் சாலை சட்டப்படி ஒரு நகரச் சாலையே தவிர மோட்டார்வே அல்ல. உட்புற வழி கடிகாரத் திசையிலும் வெளிப்புற வழி எதிர்த்திசையிலும் செல்கின்றன. வழக்கமான விரைவுச் சாலைகளில் உள்ளே நுழையும் வண்டிதான் காத்திருந்து இடம் பார்த்துச் சேர வேண்டும். இங்கோ வலப்புறத்திலிருந்து நுழையும் வண்டிக்கே முன்னுரிமை. நுழைவு வழிகள் மிக நெருக்கமாக அமைந்திருப்பதால், நெரிசல் நேரத்தில் ஒவ்வொரு நுழைவிலும் முக்கிய ஓட்டம் தடைப்பட்டு, அந்தத் தடை அலைபோலப் பின்னோக்கிப் பரவுகிறது. இந்த விதிக்கும் ஒரு காரணம் உண்டு: நுழைவு வழிகளில் வண்டிகள் தேங்கினால் அந்தத் தேக்கம் நகரத் தெருக்களுக்குள் வழிந்துவிடும். தேக்கத்தை வளையத்திலேயே வைத்துக்கொண்டு நகரைக் காப்பதுதான் அதன் விளைவு. அந்தத் தேக்கத்தின் புகையை யார் மூச்சில் வாங்குகிறார்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

வேக வரம்பு 1993 முதல் 80, 2014 முதல் 70, 2024 அக்டோபர் முதல் 50 என்று படிப்படியாக இறங்கியிருக்கிறது. கடைசிக் குறைப்பை அப்போது மேயராக இருந்த ஆன் இதால்கோ கொண்டுவந்தபோது, பாரிஸையும் அதன் புறநகர்களையும் உள்ளடக்கிய இல்-த-பிரான்ஸ் வட்டாரத்தின் தலைவர் வலேரி பெக்ரெஸ் அதைக் கடுமையாக எதிர்த்தார். புறநகர் மக்களின் பயண நேரத்தைப் பாரிஸ் தனியே தீர்மானிக்கிறது என்பது அன்று எழுந்த எதிர்ப்பின் சாரம். பொறியியல் நோக்கில் அந்தப் பயம் மிகைப்படுத்தப்பட்டது என்றே நான் கருதுகிறேன். நெரிசல் நேரத்தில் அந்தச் சாலையில் வண்டிகள் 50ஐக்கூடத் தொடுவதில்லை. ஆகவே வரம்பு 70 என்றாலும் 50 என்றாலும் காலையில் வேலைக்குப் போகிறவர் இழக்கும் நேரம் சிறிது. வேறுபாடு தெரிவது இரவில். மோட்டார் வண்டி ஓரளவு வேகத்தைத் தாண்டியதும் அதன் இரைச்சலில் என்ஜினைவிட டயர் தரையில் உருளும் ஒலியே மேலோங்குகிறது. வேகம் குறைந்தால் அந்த ஒலி நேரடியாகக் குறைகிறது. சாலை காலியாக இருந்து வண்டிகள் பாய்ந்து செல்லும் இரவு நேரத்தில்தான் 50 என்னும் வரம்பு உறங்குகிறவர்களுக்குப் பயன்படுகிறது. சாலை இரைச்சல் இரவில் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்குப் பரிந்துரைத்தது. அந்த அளவுக்கும் இத்தகைய சாலையோரத்தின் நிலைக்கும் உள்ள தூரம் வேக வரம்பால் மட்டும் அடைபடாது என்றாலும், குறைவு குறைவுதான்.

2024 ஒலிம்பிக்கின்போது விளையாட்டு வீரர்களின் வண்டிகளுக்காக ஒதுக்கப்பட்ட இடப்புற வழித்தடம், 2025 மார்ச் முதல் வேலைநாள்களின் காலை மாலை நெரிசல் நேரங்களில் இரண்டு பேராவது பயணம் செய்யும் கார்களுக்கும் பேருந்துகளுக்கும் டாக்சிகளுக்கும் என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு காரில் ஒருவர் மட்டுமே அமர்ந்து செல்லும் பழக்கத்தை மாற்றுவதற்கு இது வேக வரம்பைவிட வலிமையான கருவி என்பது என் எண்ணம்.


ஒபர்வில்லியே வாசி

அன்புத் தங்கைக்கு, நான் நீண்ட காலமாகப் பாரிஸின் வடக்கு எல்லைக்கு வெளியே வசிக்கிறேன். பாரிஸின் லாச்சப்பல் பகுதியில் நம்மவர்களின் கடைகளுக்கு வந்து போகிறவர்கள் எல்லோரும் இந்தச் சாலையின் கீழாகத்தான் கடந்து செல்கிறோம். பொறியாளர் ஐயா இரைச்சலைக் கணக்கில் சொன்னார். அதோடு வாழ்கிறவர்கள் கோடையிலும் சன்னல்களை மூடி வைத்துக்கொண்டு வாழ்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கட்டாயம் வரைபடத்தில் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தச் சாலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. மேற்கே, செல்வர்கள் வாழும் பகுதியில், பூலோஞ் காட்டை அடைந்ததும் அது சுரங்கத்துக்குள் இறங்கிவிடுகிறது. அங்குள்ள பார்க் தே ப்ரான்ஸ் விளையாட்டரங்கம்கூட அந்தச் சுரங்கத்துக்கு மேலேதான் அமைந்திருக்கிறது. மேலே நடப்பவருக்குக் கீழே ஒரு பெருஞ்சாலை ஓடுவதே தெரியாது. வடக்கிலும் வடகிழக்கிலும், தொழிலாளர்களும் குடியேறிகளும் வாழும் எங்கள் பக்கத்தில், அதே சாலை தூண்களின் மேல் ஏறி, வீட்டு மாடிகளின் உயரத்தில் வெட்டவெளியில் ஓடுகிறது. போர்த் த லா சப்பல் சந்திப்பில் வடக்கிலிருந்து வரும் ஏ1 மோட்டார்வேயும் அதனோடு வந்து சேர்கிறது. காட்டைக் காக்க வேண்டியிருந்தது என்பது உண்மையான காரணந்தான். ஆனால் காட்டைக் காக்கக் கிடைத்த பணமும் அக்கறையும் பல்லாயிரம் வீடுகளைக் காக்கக் கிடைக்கவில்லை. ஒரே சாலை, ஒரே காலம், ஒரே மாநகராட்சி. சமமின்மை அதன் உயரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

தெற்கே ஜாந்தியி ஊரில் ஒரு தேவாலயம் இருக்கிறது. பாரிஸின் பன்னாட்டு மாணவர் குடியிருப்பில் தங்கியிருக்கும் மாணவர்களுக்காக 1930களில் கட்டப்பட்டது. பின்னர் வந்த பெரிஃபெரிக் மாணவர் குடியிருப்புக்கும் அவர்களுடைய ஆலயத்துக்கும் நடுவே புகுந்தது. குடியிருப்பு ஒரு பக்கமும் ஆலயம் மறு பக்கமுமாக நிற்பதை இன்றும் பார்க்கலாம். சாலை பிரிக்கவில்லை, கோடுதான் பிரிக்கிறது என்று சொல்கிறவர்கள் அங்கு ஒருமுறை போய் நின்று பார்க்க வேண்டும்.

அதே வேளையில் வரைபட ஐயா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்பதற்கு நானே ஒரு சான்று தருகிறேன். பாரிஸ் மெட்ரோ 1900இல் தொடங்கியபோது நகர எல்லையோடு நின்றது. அது முதன்முதலாக எல்லையைத் தாண்டியது 1934இல். அந்தக் காலத்தில் பெரிஃபெரிக் சாலையே கிடையாது. அப்படியானால் தொடருந்தை நிறுத்தியது எது? மெட்ரோவைக் கட்டியது பாரிஸ் மாநகராட்சி, அதற்குத் தன் எல்லைக்குள் வாழும் மக்களே முதன்மையானவர்களாக இருந்தார்கள். எங்கள் ஊரை நோக்கி வரும் 12ஆம் தடம் போர்த் த லா சப்பலிலேயே நெடுங்காலம் முடிந்துவிட்டது. 2012 இறுதியில் அது எல்லையைக் கடந்து ஃப்ரோன் போப்புலேர் நிலையம்வரை வந்தது. 2022இல்தான் ஒபர்வில்லியே நகரமன்றம்வரை வந்து சேர்ந்தது. அதற்கு முன் பேருந்து அந்தச் சந்திப்பில் சிக்கி நிற்கும். இப்போது சாலைக்குக் கீழே நிமிடங்களில் போய்விடுகிறோம். தொடருந்து வந்த பின் என் பிள்ளைகளுக்குப் பாரிஸ் பக்கத்து ஊராகிவிட்டது. மேலே சாலை அப்படியேதான் இருக்கிறது.


மிச்சிகன் வாசகர்

இந்த உரையாடலில் வேறொரு எல்லைச் சாலையைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் அது உங்கள் பெரிய கேள்வியை நேராகச் சோதிக்க உதவும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தின் வடக்கு எல்லை எய்ட் மைல் ரோடு என்னும் சாலை. அங்கே மதிலும் இருந்ததில்லை, அகழியும் இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் மிச்சிகன் நிலப்பரப்பை அளந்தபோது வரைந்த கிழக்கு மேற்கான அடிப்படைக் கோடு அது. அந்தக் கோட்டின் மேல் சாலை வந்தது. நகரம் வடக்கே வளர்ந்து 1920களில் அந்தக் கோட்டை எட்டி நின்றுவிட்டது. தெற்கே வேன் மாவட்டம், வடக்கே ஓக்லண்ட், மக்கோம் மாவட்டங்கள். சாலை அகலமானது, நடுவே புல்திட்டு உண்டு, ஆனால் சிக்னலும் கடைகளும் கொண்ட சாதாரணச் சாலைதான். யாரும் குறுக்கே நடக்கலாம்.

இருந்தும் அமெரிக்காவில் இதைப்போலப் பிரித்த சாலைகள் மிகச் சிலவே. அதன் தெற்கே, கறுப்பின மக்கள் வாழ்ந்த ஒரு பகுதிக்குப் பக்கத்தில், வெள்ளையருக்கான புதிய குடியிருப்பைக் கட்ட விரும்பிய ஒருவர் 1941இல் ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்கு ஆறடி உயரக் கான்கிரீட் சுவரை எழுப்பினார். கூட்டரசின் வீட்டுக்கடன் உத்தரவாதம் பெறுவதற்காக இரு இனத்தாரையும் பிரித்துக் காட்ட எழுப்பிய சுவர் அது. அதன் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது. அந்தச் சுவர் நகரத்துக்குள் இருப்பது. எய்ட் மைல் ரோடு செய்த வேலையோ சுவரே இல்லாமல் நடந்தது. டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 1950இல் 18,49,568; 2020இல் 6,39,111. நகரத்தை விட்டுப் போனவர்களில் மிகப் பலர் அந்தச் சாலையைக் கடந்து வடக்கே குடியேறினார்கள். வெள்ளையர் முதலில் போனார்கள், வரி தரும் தொழில்களும் உடன் போயின.

இதில் தீர்மானமான நிகழ்ச்சி 1974இல் உச்ச நீதிமன்றம் தந்த மில்லிக்கன் எதிர் பிராட்லி தீர்ப்பு. டெட்ராய்ட் பள்ளிகளில் இனப்பிரிவினையைப் போக்க வேண்டுமானால் புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்துக்கொண்டு மாணவர்களைப் பகிர்ந்தனுப்ப வேண்டும் என்று கீழ்நீதிமன்றங்கள் கூறியிருந்தன. ஒன்பது நீதிபதிகளில் ஐவர், புறநகர் மாவட்டங்கள் பிரிவினையில் பங்கேற்றதாக நிறுவப்படாதபோது அவற்றைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். அன்றிலிருந்து அந்தச் சாலை பள்ளிக்கூட வாசலிலும் வந்து நின்றது. நகரப் பேருந்துகளை ஓர் அமைப்பும் புறநகர்ப் பேருந்துகளை மற்றோர் அமைப்பும் நடத்துவதும் இந்தக் கோட்டின் விளைவே.

ஆகவே பொறியாளர் அவர்களுக்கு என் மறுப்பு இது: நடந்து கடக்கக்கூடிய, மேம்பாலமோ பள்ளமோ இல்லாத ஒரு சாதாரணச் சாலை, இரு பக்கமும் வெவ்வேறு வரி, வெவ்வேறு பள்ளி, வெவ்வேறு பேருந்து இருந்தால் போதும், எந்தக் கான்கிரீட்டும் செய்யாத அளவுக்குப் பிரித்துவிடும். பாரிஸில் கான்கிரீட் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் நாம் அதையே பார்க்கிறோம்.


நகரியல் மாணவி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவான விடைகளை நான் எதிர்பார்க்கவில்லை. குறிப்பாக, மேற்கில் சுரங்கமாகவும் வடகிழக்கில் தூண்கள் மேலும் ஓடும் வேறுபாட்டை உயரக் குறுக்குவெட்டு வரைபடமாக வரைந்து, அதன் கீழே குடும்ப வருமானத்தை வைத்துப் பார்க்கப் போகிறேன்.

ஒரு தொடர் கேள்வி. 2016 சனவரியில் பாரிஸையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்த்து 131 ஊர்கள் கொண்ட பெரும்பாரிஸ் மாநகரக் கூட்டமைப்பு உருவாக்கப்பட்டதே, அது எல்லைக்கோட்டின் பிரச்சினையைத் தீர்க்கவில்லையா? சாலையை மூடும் திட்டங்களுக்கு அதனால் ஏதேனும் பயன் உண்டா?


பழைய வரைபடம்

கூட்டமைப்பு வந்தும் சாலை பாரிஸ் மாநகராட்சியிடமே இருக்கிறது. ஒவ்வோர் ஊரும் தன் மேயரையும் தன் அதிகாரங்களின் பெரும்பகுதியையும் வைத்துக்கொண்டிருக்கிறது. கூட்டமைப்பு அவற்றுக்கு மேலே போர்த்திய மெல்லிய அடுக்கு மட்டுமே. 1860இல் நடந்தது போன்ற இணைப்பு அல்ல அது. அப்படி இணைத்துவிடுவதில் ஆபத்தும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும்: ஒபர்வில்லியே போன்ற ஊர்களின் தொழிலாளர்கள் பல தலைமுறைகளாகத் தங்களுக்கென்று தேர்ந்தெடுத்துவந்த மன்றங்கள் மறைந்துபோகும். ஆகவே எல்லையை அழிக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. சாலையின் மேலான முடிவில் மட்டுமாவது, அதன் இரைச்சலைக் கேட்கிற இரு பக்கத்தாருக்கும் வாக்கு இருக்க வேண்டும் என்பதே என் நிலை.

மூடுவதற்கு நல்ல முன்னுதாரணம் பாரிஸின் கிழக்கு எல்லையிலுள்ள போர்த் தே லிலா. அங்கே சாலையின் ஒரு பகுதி மேல்தளமிட்டு மூடப்பட்டு, 2010இல் அதன் மேல் ஒரு பூங்கா திறக்கப்பட்டது. அருகில் திரையரங்கும் வந்தது. அங்கே வெறும் புல்வெளியைப் போட்டுவிட்டுப் போகவில்லை. பாரிஸ்வாசிகளும் லே லிலா, லே ப்ரே-சான்-ஜெர்வே ஊர்க்காரர்களும் ஒரே இடத்துக்கு வருவதற்கான காரணத்தையும் உருவாக்கினார்கள்.


சாலைப் பொறியாளர்

மிச்சிகன் நண்பரின் மறுப்பை ஏற்கிறேன். எய்ட் மைல் ரோடு என் வாதத்தின் எல்லையைக் காட்டுகிறது. ஆனால் 35 கி.மீ. முழுவதையும் மூடுவது நடக்கக்கூடியதன்று என்பதையும் பதிவு செய்கிறேன். தூண்களின் மேல் ஓடும் பகுதியை மூட முடியாது, இடித்துக் கீழே இறக்கத்தான் முடியும். பள்ளத்தில் ஓடும் பகுதிகளில்கூட மூடினால் காற்றோட்டம், தீ தடுப்பு, தப்பிக்கும் வழி என்று சுரங்கச் சாலைக்குரிய ஏற்பாடுகள் அனைத்தும் தேவைப்படும். அதைவிடப் பயனுள்ள மாற்றம் சாலைக்கு வெளியிலிருந்து வரக்கூடும். பெரிஃபெரிக்கில் செல்லும் பயணங்களில் கணிசமானவை ஒரு புறநகரிலிருந்து இன்னொரு புறநகருக்குப் போகிறவை. அவற்றுக்கு இதுவரை நல்ல ரயில் இல்லை, ஏனெனில் தடங்கள் பெரும்பாலும் பாரிஸின் நடுவை நோக்கியே வரையப்பட்டவை. இப்போது கட்டப்பட்டுவரும் புதிய மெட்ரோ வலைப்பின்னல் மொத்தம் ஏறத்தாழ 200 கி.மீ., 68 புதிய நிலையங்கள். அதில் 15ஆம் தடம் மட்டும் 75 கி.மீ. நீள வளையமாகப் புறநகர்களையே ஒன்றோடொன்று இணைக்கும். அது முழுமையாக ஓடத் தொடங்கிய பின் சாலையில் வழித்தடங்களைக் குறைப்பதும், சந்திப்புகளைச் சிக்னல் கொண்ட தெருச் சந்திப்புகளாக மாற்றுவதும் பேசக்கூடியவையாகும்.

ஆய்வேட்டுக்கு ஒரு யோசனை. ஒரே சாலையில் மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: பூலோஞ் சுரங்கம், போர்த் தே லிலா மேல்தளம், போர்த் த லா சப்பல் தூண்கள். மூன்றிலும் காலை, பிற்பகல், இரவு என்று ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர் நடந்து கடக்கிறார்கள், அவர்களில் குழந்தைகளும் முதியவர்களும் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். வண்டிகளைப் பற்றிய கணக்கு மாநகராட்சியிடம் ஏராளமாக இருக்கிறது; நடப்பவர்களை எண்ணியவர்கள் குறைவு.


ஒபர்வில்லியே வாசி

தங்கச்சி, போர்த் த லா சப்பலில் எண்ணும்போது இரவு வேலை முடித்துக் காலை ஐந்து மணிக்குள் கடக்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உணவகங்களிலும் அலுவலகத் துப்புரவிலும் வேலை செய்கிற நம்மவர்கள் பலர் மெட்ரோ தொடங்குவதற்கு முன்னரே அந்தத் தூண்களுக்கு அடியில் நடந்து போகிறார்கள். எந்தப் பக்கத்து நடைபாதையில் நடக்கிறார்கள், எந்த இடத்தில் வண்டிப் பாதைக்குள் இறங்க வேண்டியிருக்கிறது, விளக்கு எங்கே எரிவதில்லை என்பதை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். நீங்கள் வரும் நாளை முன்கூட்டியே இங்கு தெரிவித்தால், அந்த நேரத்தில் உங்களைத் தனியாக நிற்க விடாமல் நானும் என் மனைவியும் வந்து உடன் நிற்போம்.